குடுவைக்குள் எத்தனை டிகிரி? மெம்பிரேன் பாலிமர் தயாரிப்பில் சூட்டை அடக்குவது எப்படி

2025 ஜூலையில் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். செய்தி வந்த நாளில் எல்லோர் பேச்சும் ஹைட்ரஜனைப் பற்றித்தான். ஹைட்ரஜனை மின்சாரமாக மாற்றும் ஃப்யூயல் செல்லைப் பிரித்தால் நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். மெம்பிரேன் என்று பெயர். அந்தத் தாள் சரியில்லை என்றால் சுற்றியிருக்கும் பிளாட்டின வினையூக்கி, பம்பு, சிலிண்டர் எல்லாம் இருந்தும் பயனில்லை.

அந்தத் தாளுக்கான பாலிமரைக் குடுவையில் தயாரிக்கும்போது கிளம்பும் சூட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். வேதியியல் படித்துவிட்டு தரமணி, கிண்டி, அடையாறு பக்கம் ஏதாவது ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களை நினைத்து எழுதுகிறேன். பிளஸ் டூ வேதியியல் நினைவிருக்கும் யாரும் கூடவே வரலாம்.

முதலில், அந்தத் தாள் என்ன செய்கிறது? ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். ஹைட்ரஜன் அணு எலக்ட்ரானை இழந்து புரோட்டானாகிறது. புரோட்டான் மட்டும் தாளுக்குள் புகுந்து மறுபக்கம் போக வேண்டும். எலக்ட்ரான் போகக் கூடாது. அது வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போனால்தான் நமக்கு மின்சாரம். வாயுக்களும் கடக்கக் கூடாது, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தால் ஆபத்து. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசரில் இதே வேலை திருப்பி நடக்கிறது. காஸ்டிக் சோடா ஆலைகளிலும் வனேடியம் பேட்டரிகளிலும் இதே குடும்பத்துத் தாள்கள்தான். டூபான்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் 1960களில் உருவாக்கிய நஃபியான் இவற்றில் புகழ்பெற்றது. நஃபியான் 117 என்ற ரகத்தின் தடிமன் சுமார் 0.18 மில்லிமீட்டர். இப்போது வண்டிகளுக்கு அதைவிட மெல்லிய தாள்கள்.

புரோட்டான் தாளுக்குள் போவதற்குக் காரணம், பாலிமர் சங்கிலியில் ஆங்காங்கே தொங்கும் சல்ஃபோனிக் அமிலக் குழுக்கள். அவை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரப்பாதையில் புரோட்டான் நகரும். இங்கேதான் சிக்கல். அமிலக் குழு குறைந்தால் பாதை இருக்காது, மின்தடை கூடும். அதிகமானால் தாள் தண்ணீரை அளவுக்கு மீறி உறிஞ்சி உப்பி, கிழியும். இன்னும் அதிகமானால் வெந்நீரில் கரைந்தே போகும். சங்கிலியின் நீளமும் அப்படித்தான். குட்டையாக இருந்தால் தாள் மடித்த இடத்தில் உடையும், தாறுமாறாகக் கிளைவிட்டால் கரைப்பானில் கரையவே கரையாது. அமிலக் குழு எத்தனை, சங்கிலி எவ்வளவு நீளம் என்ற இரண்டையுமே பெரும்பாலும் தீர்மானிப்பது வினை நடந்த சில மணி நேரத்தில் குடுவைக்குள் இருந்த வெப்பநிலை. அதனால் சூட்டை அடக்குவது பாதுகாப்புக்காக மட்டும் செய்கிற வேலை இல்லை. தாளின் குணமே அந்தச் சில மணி நேரத்தில் அமைகிறது.

சூடு எங்கிருந்து வருகிறது

சின்ன மூலக்கூறுகள், அதாவது மோனோமர்கள், கைகோத்துச் சங்கிலியாகும்போது பெரும்பாலும் வெப்பம் வெளியேறும். ஸ்டைரீனை எடுத்துக்கொள்வோம். 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் போன ஃப்யூயல் செல்லின் மெம்பிரேன், சல்ஃபோனேற்றம் செய்த, அதாவது சல்ஃபோனிக் அமிலக் குழுக்களை ஏற்றிய, பாலிஸ்டைரீன்தான். ஒரு மோல் ஸ்டைரீன், அதாவது 104 கிராம், பாலிமராகும்போது சுமார் 70 கிலோஜூல் வெப்பம் வருகிறது. கிராமுக்கு 670 ஜூல் அளவு. 30 டிகிரியில் இருக்கும் இரண்டு கிராமுக்கு மேலான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். இந்தச் சூடு துளிகூட வெளியே போகாமல் ஸ்டைரீனுக்குள்ளேயே தங்கினால், கணக்குப்படி அதன் வெப்பநிலை 300 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். ஸ்டைரீன் 145 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்புறம் ஆவியும் அழுத்தமும்தான்.

எந்த வினையிலும் இரண்டு வேகங்களைப் பார்க்க வேண்டும். சூடு எவ்வளவு வேகமாக உண்டாகிறது, எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது. இரண்டும் வெப்பநிலையோடு சேர்ந்து ஒரே மாதிரி ஏறுவதில்லை என்பதுதான் மொத்த விஷயத்தின் வேர்.

பல வினைகளில், தோராயமாக 10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும். ஆனால் சூடு வெளியேறும் வேகம், குடுவைக்கும் வெளியிலுள்ள ஐஸ் தண்ணீருக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில்தான் கூடும். வெளியே 0 டிகிரி, உள்ளே 10 டிகிரி, உண்டாவதும் வெளியேறுவதும் சமம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு பங்கு. உள்ளே 20 ஆனால் உண்டாவது இரண்டு பங்கு, வெளியேறுவதும் இரண்டு. சமாளித்துவிடலாம் போலத் தோன்றும். 30 ஆனால் உண்டாவது நான்கு, வெளியேறுவது மூன்று. 40இல் எட்டுக்கு நான்கு. 50இல் பதினாறுக்கு ஐந்து. 20ஐத் தாண்டிய பிறகு ஐஸ் பாத் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். ஏறிய சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். வேதிப் பொறியாளர்கள் இதைத் தெர்மல் ரன்அவே என்பார்கள். இந்தக் கணக்கை 1920களின் இறுதியில் தெளிவாக வகுத்தவர் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் செமியோனவ். 1956இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஈரம் காயாத வைக்கோலைப் போராகக் குவித்தால் சில நாளில் நடுவில் கை வைக்க முடியாத சூடு. விட்டால் தானாகவே தீப்பிடிக்கும். அதே வைக்கோலைக் களத்தில் பரப்பிவிட்டால் ஒன்றும் ஆகாது. உண்டாகும் சூடு அதேதான், வெளியே போகும் வழி மட்டும் மாறியிருக்கிறது.

குடுவையிலும் அதேதான். 100 மில்லி அளவில் அருமையாக வந்த வினையை 10 லிட்டருக்குப் பெரிதாக்கினால், சூட்டை உண்டாக்கும் கரைசல் நூறு மடங்கு ஆகிறது. சூட்டை வெளியேற்றும் சுவரின் பரப்போ ஏறக்குறைய 21 மடங்குதான் கூடுகிறது. ஒவ்வொரு மில்லிக்கும் கிடைக்கும் சுவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சின்னக் குடுவையில் ஐஸே வைக்காமல் நன்றாக நடந்தது என்று சொல்லிக்கொண்டு யாராவது பெரிய குடுவையை எடுத்தால், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

விசாகப்பட்டினத்தில் நடந்தது

2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில் ஒரு பாலிமர் ஆலையின் சேமிப்புத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் ஆவி கசிந்து 12 பேர் இறந்தார்கள். அங்கே யாரும் வினை எதையும் நடத்தவில்லை. ஊரடங்கில் ஆலை மூடியிருந்தது. ஸ்டைரீன் தொட்டியில் சும்மா இருந்தது. சும்மா இருக்கும் ஸ்டைரீனும் மெதுவாகத் தன்னைத்தானே சங்கிலியாக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கச் சேர்க்கும் டெர்ஷியரி பியூட்டைல் கேட்டகால் என்ற தடுப்பான் போதுமான அளவு இல்லை. குளிரூட்டலும் போதவில்லை.

விசாரணையில் தெரிந்த இன்னொன்று என் மனதில் நின்றுவிட்டது. அந்தத் தொட்டியில் வெப்பநிலை அளக்கும் கருவி அடியில் மட்டும் இருந்தது. மேலே சூடேறிக்கொண்டிருந்தபோது கீழே இருந்த எண்ணை வைத்துத்தான் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். வெப்பமானி தான் நிற்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். நமக்கு வேண்டிய இடத்தின் சூடு தெரிய வேண்டும் என்றால், அங்கே கொண்டுபோய்த்தான் வைக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இது தினமும் நடக்கும் பேச்சு.

“அண்ணா, பாத் ஜீரோலதான் இருக்கு.”

“பாத் இருக்கட்டும்டா. உள்ள எவ்ளோ?”

ஐஸ் பாத்தில் தொங்கும் வெப்பமானி 0 காட்டும்போது குடுவைக்குள் 18 இருக்கலாம். கண்ணாடி வெப்பத்தை நன்றாகக் கடத்தாது; உள்ளே கரைசல் கெட்டியாக ஆக, சுவர் ஓரம் குளிர்ந்தும் நடுவே சூடாகவும் இருக்கும். அதனால் மூன்று கழுத்துக் குடுவையை எடுங்கள். ஒன்றில் ஸ்டிரர், ஒன்றில் சொட்டுப் புனல், மூன்றாவதில் கரைசலுக்குள் முங்கும்படி தெர்மோகப்புள், அதாவது வெப்பநிலையைத் திரையில் காட்டும் உணரி. அமிலம் என்றால் டெஃப்ளான் உறை போட்டது. என்னைக் கேட்டால், குறிப்பேட்டில் எழுத வேண்டிய முதல் எண் இதுதான். “அறை வெப்பநிலையில் கலக்கப்பட்டது” என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும் ஆய்வுக்கட்டுரைகள் படிப்பவருக்கு அநியாயம் செய்கின்றன. ஐரோப்பாவில் ஓர் ஆய்வகத்தின் அறை வெப்பநிலை 20 டிகிரி. மே மாதம் ஏ.சி. இல்லாத சென்னை ஆய்வகத்தில் 35. அந்த 15 டிகிரியில் வினை இரண்டு மடங்குக்கு மேல் வேகமாக ஓடிவிடும். செய்முறையை வரிக்கு வரி பின்பற்றியும் வேறு பாலிமர் வந்தால், நாம் குழம்புவோம்.

சொட்டுச் சொட்டாக ஏன்

இப்போது உலகம் முழுக்க ஆர்வமாக ஆராயப்படும் ஒரு வகை, காரச் சூழலில் வேலை செய்யும் மெம்பிரேன்கள். அவற்றில் புரோட்டானுக்குப் பதில் ஹைட்ராக்சைடு அயனி கடக்கும். விலை உயர்ந்த பிளாட்டினத்துக்குப் பதில் நிக்கல் போன்றவற்றைப் பயன்படுத்தலாம் என்பதால் இந்த ஆர்வம். பாலி அரைல் பைபெரிடினியம் என்ற குடும்பம் இதில் முன்னணியில் இருக்கிறது. டெர்ஃபினைல், மெத்தில் பைபெரிடோன் இரண்டையும் டைகுளோரோமீத்தேனில் கலந்து, 0 டிகிரிக்குக் குளிர்வித்து, ட்ரைஃப்ளிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ட்ரைஃப்ளிக் அமிலம் சல்ஃபூரிக் அமிலத்தைவிடப் பல மடங்கு வலுவானது. ஒவ்வொரு சொட்டுக்கும் உள்ளே இரண்டு மூன்று டிகிரி குதிப்பதைத் திரையில் பார்க்கலாம். நிறம் கருக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் போல இருந்த கரைசல் தேன் பதத்துக்கு வரும். கலக்கிக்கொண்டிருந்த ஸ்டிரரின் காந்தப் பட்டை முனகி நின்றுவிடும்.

டைகுளோரோமீத்தேனின் கொதிநிலை 40 டிகிரி. சென்னையில் கத்திரி வெயில் நாளில் அறையே அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐஸ் தீர்ந்து உள்ளே சூடேறினால், கரைப்பான் கொதித்து, அமில ஆவியோடு வெளியே வரும். மீதமாகும் பாலிமரில் பக்கவினைகள் நடந்து, எந்தக் கரைப்பானிலும் கரையாத ஜெல் கட்டியாகிவிடும். அதிலிருந்து தாள் வார்க்க முடியாது. கொட்டத்தான் வேண்டும்.

இங்கே புதியவர்கள் பலரும் நினைப்பது, எவ்வளவு குளிர்விக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று. அது சரியில்லை, ஆபத்தும்கூட. மிகவும் குளிர்ந்த கரைசலில் வினை தூங்கும். சொட்டிய அமிலம் வினைபுரியாமல் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். வெப்பமானி அசையாமல் இருப்பதைப் பார்த்து, “ஒன்றும் ஆகவில்லையே” என்று வேகமாகச் சொட்ட விடத் தோன்றும். பிறகு எங்கோ ஒரு கட்டத்தில் கொஞ்சம் சூடேறினதும், சேர்ந்திருந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வினைபுரியும். எந்த ஐஸும் அதைப் பிடித்து நிறுத்தாது. சரியான வெப்பநிலை என்பது, விழுந்த சொட்டு அடுத்த சொட்டு விழுவதற்குள் பெருமளவு தீர்ந்துவிடும் அளவுக்குச் சூடு, பக்கவினைகள் தலைகாட்டாத அளவுக்குக் குளிர். அந்த இடைவெளியில் நின்றுவிட்டால், சூடு உண்டாகும் வேகம் நம் விரலில் இருக்கிறது. சொட்டை நிறுத்தினால் சூடும் நிற்கும். ஐஸ் பாத் துணைக்குத்தான். குடுவையை உண்மையில் கட்டுப்படுத்துவது சொட்டுப் புனலின் திருகு.

சொட்டியதும் வெப்பமானி கொஞ்சமாவது ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஏறாமலே இருந்தால் நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

ஐஸ் பாத்திலும் ஒரு விஷயம். வெறும் ஐஸ் கட்டிகளைக் குவித்தால் குடுவையை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்று. ஐஸைப் பொடித்துத் தண்ணீர் ஊற்றிக் குழைவாக வைத்தால் கண்ணாடி முழுக்கத் தொடும், கடைசி ஐஸ் துண்டு இருக்கும்வரை 0 டிகிரியில் நிற்கும். அதற்கும் கீழே வேண்டும் என்றால் கல்லுப்பு சேர்க்கலாம். ஐஸ் பார் வாங்கி உடைக்கும் ஆய்வகம் என்றால், சொட்டுப் புனலைத் திறக்கும் முன்பே முழு வேலைக்கும் போதுமான ஐஸ் கைவசம் இருக்க வேண்டும். நடுவில் வாங்கிவர ஆள் அனுப்பும் வேலை இது இல்லை.

கரண்ட் போனால்? ஸ்டிரர் நிற்கும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நிற்கும். சொட்டுப் புனல் நிற்காது. அது புவியீர்ப்பில் வேலை செய்கிறது. முதலில் கை போக வேண்டிய இடம் அந்தத் திருகு. அதை மூடிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஸ்டிரர் நின்ற நேரத்தில் விழுந்த அமிலம் கலக்காமல் ஓர் அடுக்காக நின்றிருக்கும். கரண்ட் வந்ததும் ஸ்டிரரை முழு வேகத்தில் போட்டால் அத்தனையும் ஒரே கணத்தில் கலந்து பொங்கும். மிக மெதுவாக, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பிக்க வேண்டும்.

கெட்டியாகும்போது

பாலிமர் வினைகளுக்கே உரிய தொல்லை இது. சாதாரண வினையில் முடிவு நெருங்க நெருங்க வேகம் குறையும், சூடும் குறையும். பாலிமரில் எதிர்மாறாக நடக்கலாம். ஸ்டைரீன் போன்றவற்றில் வளரும் சங்கிலிகளின் முனைகள் இரண்டு சந்தித்தால் வளர்ச்சி முடியும். கரைசல் கெட்டியானால் நீண்ட சங்கிலிகளால் நகர முடியாது, முனைகள் சந்திக்காது. சின்ன மோனோமர்களோ இடுக்கில் நுழைந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். முடிவு குறைகிறது, வளர்ச்சி தொடர்கிறது, வேகம் திடீரென்று ஏறுகிறது. நாரிஷ், டிராம்ஸ்டார்ஃப் ஆகியோர் பெயரால் வழங்கும் விளைவு இது. அதே நேரத்தில் கெட்டியான கரைசலைக் கலக்க முடியாததால் சூடு சுவரை வந்தடைவதும் குறைகிறது. உண்டாவது ஏறுகிறது, வெளியேறுவது இறங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

தொழிற்சாலைகள் இதற்குக் கண்டுபிடித்த வழிகள் அழகானவை. ஸ்டைரீனைத் தண்ணீரில் சிறு துளிகளாகச் சிதறவிட்டு, ஒவ்வொரு துளியையும் தனித்தனிச் சின்னக் குடுவையாக்கிவிடுவார்கள். சுற்றியுள்ள தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் ரெசின் மணிகள் அப்படிப் பிறந்தவைதான். நஃபியான் போன்றவற்றின் மூலப்பொருளான டெட்ராஃப்ளூரோஎத்திலீன் இன்னும் கோபக்காரன். பாலிமராகும்போது ஸ்டைரீனைவிட மிக அதிக வெப்பத்தை விடும். கைமீறிப் போனால் கார்பனாகவும் கார்பன் டெட்ராஃப்ளூரைடாகவும் சிதைந்து வெடிக்கவும் கூடும். அதை நம் ஊர்க் கல்லூரி ஆய்வகத்தில் கையாள நினைக்கவே கூடாது. சின்ன அளவில் ஆராய்பவர்களுக்கு, மோனோமர் கலவையை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நிரப்பிப் பாலிமராக்கும் முறை உண்டு. மெல்லிதாக இருப்பதால் சூடு தங்காது. தாளும் அங்கேயே தயார்.

அமிலக் குழுவை ஏற்றும்போது

நம் ஊர் மாணவர்கள் முதலில் தொடும் மெம்பிரேன் பெரும்பாலும் சல்ஃபோனேற்றிய பீக். பீக் என்பது பாலி ஈதர் ஈதர் கீட்டோன். 343 டிகிரியில்தான் உருகும், சாதாரணக் கரைப்பான் எதிலும் கரையாத முரட்டு பிளாஸ்டிக். அடர் சல்ஃபூரிக் அமிலம் போன்ற வலுவான அமிலங்களில் கரையும்; சல்ஃபூரிக்கில் கரைந்துகொண்டே சல்ஃபோனிக் குழுக்களையும் ஏற்றிக்கொள்ளும். பாலிமர் ஏற்கெனவே தயாராக இருப்பதால் இங்கே ரன்அவே பயம் குறைவு. ஆனால் வெப்பநிலைதான் தாளின் விதியை எழுதுகிறது.

அறைச் சூட்டில் நாள்கணக்கில் ஏறும் அமிலக் குழுக்கள் 50, 60 டிகிரியில் மணிக்கணக்கில் ஏறிவிடும். சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகுகளில் நூற்றுக்கு அறுபது எழுபதில் குழு ஏறியிருந்தால் நல்ல தாள் கிடைக்கும். எண்பதைத் தாண்டினால் வெந்நீரில் உப்பிக் குழையத் தொடங்கும். நூறும் ஏறினால் தண்ணீரிலேயே கரையும். 50 டிகிரி என்று எழுதியிருக்கும் செய்முறையில் எண்ணெய் பாத் 50 என்பதா, அமிலத்துக்குள் 50 என்பதா என்ற கேள்வி இங்கே உயிர்நாடி. பொடியைத் தூவும் வேகமும் முக்கியம். கொத்தாகக் கொட்டினால் வெளிப்பக்கம் கரைந்து பசையாகி உள்ளே உலர்ந்த பொடி மாட்டிக்கொள்ளும். ஒரே குடுவையில் குழு அதிகம் ஏறியதும் குறைவாக ஏறியதும் கலந்திருக்கும்.

நிறுத்துவதுதான் மிகவும் நுட்பமான இடம். அந்தப் பிசுபிசுத்த அமிலக் கரைசலை, வேகமாகச் சுழலும் ஐஸ் தண்ணீருக்குள் மெல்லிய நூலாக ஊற்ற வேண்டும். அமிலத்தைத் தண்ணீருக்குள், ஒருபோதும் தண்ணீரை அமிலத்துக்குள் அல்ல. பாலிமர் வெள்ளை இழைகளாகப் பிரிந்து மிதக்கும். ஐஸ் எவ்வளவு வேண்டும் என்று பலரும் குத்துமதிப்பாகப் போடுவார்கள். கணக்கு எளிது. ஒரு கிராம் அடர் அமிலம் ஏராளமான தண்ணீரில் கரையும்போது வரும் சூடு, இரண்டு கிராமுக்கு மேல் ஐஸை உருக்கப் போதும். 500 மில்லி அமிலம் என்றால் அதன் எடை 900 கிராமுக்கு மேல். ஆக இரண்டு கிலோவுக்குக் குறையாமல் ஐஸ், அதற்கு மேலும் கொஞ்சம் கூடுதலாக. ஐஸ் பாதியில் தீர்ந்து தண்ணீர் சூடானால், இழைகளாக வர வேண்டியது வழவழவென்ற கூழாகும். அதை வடிகட்டவும் முடியாது, அமிலம் போகக் கழுவவும் முடியாது.

நாமே சூடேற்றும் வினைகள்

எல்லாப் பாலிமரும் சூட்டைக் கொட்டுவதில்லை. பாலிபென்சிமிடசோல் என்ற வகை, 160 டிகிரி வாக்கில் ஓடும் உயர்வெப்ப ஃப்யூயல் செல்களுக்கானது. அதைப் பாலிபாஸ்பாரிக் அமிலத்தில் 200 டிகிரி வரை படிப்படியாக ஏற்றித்தான் தயாரிக்க முடியும். பாலிசல்ஃபோன் வகைகளில், முதலில் 140 முதல் 150 டிகிரியில் டொலுவினோடு சேர்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகுதான் 160க்கு மேல் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு முன்பே ஏற்றினால் மிச்சமிருக்கும் தண்ணீர் சங்கிலி வளர்வதைக் குலைக்கும், தாள் உதிரும். இவற்றில் வெப்பக் கட்டுப்பாடு என்பது பொறுமையாக ஏற்றுவதும் ஏற்றிய இடத்தில் நிறுத்துவதும்தான்.

சென்னையில் இவற்றுக்கு ஒரு தனித் தடை உண்டு. ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கண்டென்சருக்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால், மொட்டை மாடித் தொட்டியில் பிற்பகல் வெயிலில் காய்ந்த தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். டொலுவினுக்கு அது பரவாயில்லை. கொதிநிலை குறைந்த கரைப்பான்கள் கண்டென்சரைக் கடந்து பறந்துவிடும், கரைசலின் அடர்த்தி மாறிவிடும். சின்னச் சில்லர் ஒன்றை வைத்துத் தண்ணீரைச் சுழலவிடுவது தண்ணீரையும் மிச்சப்படுத்தும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் கண்டென்சருக்காக மணிக்கணக்கில் குழாயைத் திறந்துவிடுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

தாள் வார்க்கும்போதும் சூடுதான்

கழுவி உலர்த்திய பாலிமரை டைமெத்தில் அசிட்டமைடு போன்ற கரைப்பானில் கரைத்து, மட்டம் பார்த்த கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் கத்தியால் சீராக இழுத்து உலர்த்துவார்கள். இந்தக் கரைப்பான் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் ஜன்னல் திறந்த அறையில் வார்த்தால், கண்ணாடி போல இருந்த படலம் கண்ணெதிரே பால் வெள்ளையாகும். ஈரம் புகுந்து பாலிமர் பிரிந்துவிட்டது என்று பொருள். அடுப்பில் உடனே 120 டிகிரிக்கு ஏற்றினால் மேலே தோல் கட்டி, அடியில் மாட்டிய கரைப்பான் குமிழாக வெடிக்கும். 60 முதல் 80 டிகிரியில் நிதானமாகக் காயவிட்டு, கடைசியாக வெற்றிட அடுப்பில் ஏற்றுவதுதான் வழக்கம். சல்ஃபோனேற்றிய பீக்கை 180 டிகிரி அளவுக்குக் கொண்டுபோனால் அமிலக் குழுக்களே பக்கத்துச் சங்கிலியோடு வினைபுரிந்து பிணைந்துவிடும். தாள் வலுப்பெற வேண்டும் என்று சிலர் இதை வேண்டுமென்றே செய்வதுண்டு. தெரியாமல் நடந்தால் புரோட்டான் கடத்தும் குழுக்கள் குறைந்த தாளாக அது முடியும்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரு எளிய தரம்பார்ப்பில் (டைட்ரேஷனில்) காணலாம். உலர்த்தி எடை பார்த்த தாள் துண்டை உப்புக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்தால், சோடியம் உள்ளே போய் புரோட்டான் வெளியே வரும். அதை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால், பினாப்தலின் இளஞ்சிவப்பாகும்வரை தரம்பார்த்தால், ஒரு கிராம் தாளில் எத்தனை மில்லிசமானம் அமிலக் குழு என்று கிடைக்கும். நஃபியான் 117க்கு 0.9 வரும். நூறு அலகுக்கு அறுபது குழு ஏறிய பீக்குக்கு ஏறக்குறைய 1.8, எண்பது ஏறியதற்கு 2.3. ஒரே செய்முறையில் செய்த இரண்டு தொகுதிகளில் ஒன்று 1.8, மற்றொன்று 2.3 என்று வந்தால், முதலில் இரண்டு நாட்களின் வெப்பநிலைப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொடி தூவிய அரைமணி நேரத்தையும், ஐஸில் ஊற்றுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில் ஏழெட்டு டிகிரி வித்தியாசம் தெரியும்.